லான் மஞ்சளாகிறதா? யூரியா போடும் முன் இலையைச் சோதியுங்கள்

லான் வெளுத்தால் யூரியாவைத் தூவுவதுதான் பலரின் முதல் வேலை. யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தாலும் மஞ்சள்தான், இரும்புச்சத்துக் குறைந்தாலும் மஞ்சள்தான். எது என்று அறிய, ஆய்வகத்தில் செய்யும் இலைப் பரிசோதனை உதவும். இங்கே அருகம்புல் இனமான பெர்முடா லானை வைத்துச் சொல்கிறேன்.

முதல் படி: குனிந்து ஒரு தண்டைப் பிடுங்கிப் பாருங்கள். அடி இலைகள் முதலில் வெளுத்திருந்தால் தழைச்சத்தைச் சந்தேகிக்கலாம். இளம் இலை வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தால் இரும்பு.

இரண்டாம் படி: மாதிரி எடுப்பது. எல்லாம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். உரம் போட்ட கையோடு, ஸ்பிரே அடித்த கையோடு எடுக்காதீர்கள். இலைமேல் ஒட்டியிருப்பதும் சேர்ந்தே கணக்கில் வரும். பனி காய்ந்த பிறகு, வழக்கமான உயரத்தில் புல்வெட்டும் மெஷினை ஓட்டி, விழும் புதுத்துணுக்குகளை இரண்டு கைப்பிடி அள்ளுங்கள். வேரோ மண்ணோ வேண்டாம். மஞ்சளான இடத்துக்கு ஒரு பை, பக்கத்திலேயே செழிப்பாக இருக்கும் இடத்துக்கு இன்னொரு பை. இந்த இரண்டாவது பைதான் என்னைக் கேட்டால் முக்கியம். ஒப்பிட ஆளில்லாத எண் பாதிதான் பேசும்.

தூசி இருந்தால் சுத்தமான நீரில் சட்டென்று அலசி எடுங்கள். ஊறவிட்டால் சாம்பல்சத்து (பொட்டாசியம்) கரைந்துபோகும். காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் வெந்து அழுகிவிடும். அன்றே ஆய்வகத்தில் கொடுக்க முடியாவிட்டால் காற்றாட உலர்த்தி வையுங்கள்.

மூன்றாம் படி: அறிக்கையைப் படிப்பது. உலர் எடையில் தழைச்சத்து சுமார் 3 முதல் 5 சதவீதம் இருந்தால் கவலையில்லை. மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்துக்கு ஆய்வகம் தரும் அளவுகோலையே பின்பற்றுங்கள்.

இரும்பில் மட்டும் உஷார். எண் நன்றாக இருந்தும் புல் வெளுத்திருக்கலாம், ஏனென்றால் இலையில் இருக்கும் இரும்பு முழுவதும் செடிக்குப் பயன்படும் நிலையில் இருப்பதில்லை. இரும்போடு அலுமினியமும் எகிறியிருந்தால், அது இலையில் ஒட்டிய மண்.

கடைசிப் படி: சந்தேகம் தீர, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, ஒரு சின்னப் பட்டையில் மட்டும் சாயங்காலம் தெளியுங்கள். சில நாளில் அந்தப் பட்டை மட்டும் பச்சையானால் குறை இரும்புதான். மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) 8-ஐத் தாண்டிய சுண்ணாம்பு நிலத்தில் அன்னபேதியை மண்ணில் கொட்டினால் காசுதான் கரையும், இலைவழியே கொடுங்கள். டைல்ஸ்மேல் பட்டால் துருக்கறை போகாது, ஓரங்களில் பார்த்து அடியுங்கள்.