சர்வரை டேட்டா சென்டருக்கு மாற்றும் முன் கரண்ட் கணக்கைப் போடுங்கள்

ஆபீஸ் மூலையில் ஏசியும் யுபிஎஸ்ஸும் வைத்துச் சர்வர் ஓட்டுபவர்கள், கோலோகேஷன் (டேட்டா சென்டரில் வாடகைக்கு இடம் எடுத்து நம் சர்வரை வைப்பது) என்றதும் முதலில் கேட்பது "ரேக் (சர்வர் அடுக்கும் அலமாரி) வாடகை எவ்வளவு?" என்றுதான். அதற்கு முன் உங்கள் சர்வர்கள் எவ்வளவு கரண்ட் இழுக்கின்றன என்று அளந்துவிடுங்கள். பெரும்பாலும் பில்லை ஏற்றுவது இடம் இல்லை, மின்சாரம்தான்.

பவர் சப்ளையில் 750 வாட் என்று போட்டிருப்பது அதன் உச்சத் திறன். சர்வர் நிஜமாக இழுப்பது பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. டெல் சர்வரில் ஐடிராக், ஹெச்பி சர்வரில் ஐஎல்ஓ மாதிரி நிர்வாகப் பக்கத்தில் உண்மையான வாட் தெரியும், ராத்திரி பேக்கப் ஓடும்போதும் மாதக் கடைசி பில்லிங் நேரத்திலும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ரேக்குக்கு ஏ, பி என்று இரண்டு தனித்தனி மின் இணைப்பு கேளுங்கள். ஒவ்வொன்றிலும் அதன் திறனில் பாதிக்கும் குறைவாகத்தான் லோடு இருக்க வேண்டும். இரண்டிலும் 60 சதவீதம் ஏற்றி வைத்தால், ஒன்று போன நொடியில் 120 சதவீதமும் மற்றதன் தலையில் விழுந்து அதுவும் டிரிப் ஆகிவிடும், இரண்டு இணைப்புக்குக் காசு கட்டியும் பயனில்லை.

இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். சென்னையில் அம்பத்தூர், சிறுசேரி பக்கம் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது, அதனால் ஜெனரேட்டரும் டீசல் டேங்கும் எந்த உயரத்தில் இருக்கின்றன, சாலை மூழ்கினால் கையிருப்பு டீசல் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். டயர் 3 (ஒரு பாகத்தைப் பழுதுபார்க்கும்போதும் சர்வர்கள் நிற்காத தரம்) சான்றிதழைக் காட்டினால், அது வரைபடத்துக்கு வாங்கியதா, கட்டி முடித்த கட்டடத்துக்கு வாங்கியதா என்றும் கேளுங்கள், இரண்டும் வேறு வேறு.

ஒப்பந்தத்தில் கிராஸ் கனெக்ட் (உங்கள் ரேக்கிலிருந்து நெட் நிறுவனத்துக்கு இழுக்கும் கேபிள்), ரிமோட் ஹேண்ட்ஸ் (உங்களுக்காக அவர்கள் ஆள் சர்வரைத் தொட்டுச் செய்யும் வேலை) கட்டணம், வருடா வருடம் எவ்வளவு ஏற்றுவார்கள், எத்தனை வருடம் விலக முடியாத லாக்-இன் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

டேட்டா சென்டர்காரர்கள் பொறுப்பு கரண்ட், குளிர், காவல், நெட் இணைப்பு வரைதான். பேக்கப்பும் பயர்வாலும் உங்கள் வேலை. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் போட்ட விதிப்படி லாக்குகளை (சர்வரில் நடந்தவற்றின் பதிவுகளை) 180 நாள் வைத்திருப்பதும், பாதுகாப்புச் சம்பவம் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிப்பதும் உங்கள் தலையில்தான்.

மாற்றும் நாளுக்கு முன்பே டிஎன்எஸ் டிடிஎல்லை (உங்கள் தளப் பெயருக்கான ஐபி முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடிக்குக் குறைத்துவிடுங்கள், புது ஐபி சீக்கிரம் போய்ச் சேரும். பேக்கப் டிஸ்க்கைச் சர்வர் போகும் அதே வண்டியில் ஏற்றவே ஏற்றாதீர்கள். ஆபீஸின் பழைய நெட் இணைப்பையும் உடனே துண்டிக்காமல் ஒரு மாதம் விட்டுவையுங்கள், எந்தக் கிளை இன்னும் பழைய ஐபியைத் தேடிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும்.