ஓடாமல் பழுதாகும் கார்: வன்னியில் தவிர்க்க வேண்டிய பிழைகள்

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, கியூ.ஆர் முறையில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல்தான் தந்தார்கள். என்னிடம் இருந்தது சுபாரு இம்பிரெசா எஸ்.ரி.ஐ என்ற ஸ்போர்ட்ஸ் கார். கிளிநொச்சி நகருக்குள் ஓடினால் லீற்றருக்கு 6, 7 கிலோமீற்றருக்கு மேல் போகாது. சரி, நிலைமை சீராகும்வரை நிற்கட்டும் என்று மாமரத்தின் கீழ் விட்டுப் படங்கால் மூடிவிட்டு, மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனேன். ஐந்து மாதம் கழித்துப் படங்கை விலக்கினால் பற்றறி செத்திருந்தது, பிறேக் தட்டுகளில் துரு ஏறியிருந்தது, எஞ்சின் வயர்களை எலி தின்றிருந்தது. பார்க்க வந்த கராஜ் அண்ணை சொன்னார்: "தம்பி, நீர் ஓடிப் பழுதாக்கேல்லை, ஓடாமப் பழுதாக்கிப்போட்டீர்."

அந்த வார்த்தை இன்றும் மனதில் நிற்கிறது. வேகமாக ஓடினால்தான் இப்படியான ஸ்போர்ட்ஸ் கார்கள் பழுதாகும் என்று நினைக்கிறோம். நான் பார்த்தவரை, வன்னியில் இவற்றைக் கெடுப்பது அன்றாடச் சின்ன ஓட்டங்களும் கவனக் குறைவும்தான்.

முதலாவது, சூடாகாமல் நிறுத்துவது. "எங்கட வெயிலுக்கு எஞ்சினைச் சூடாக்கத் தேவையில்லை" என்பார்கள். வெளியில் 35 பாகை இருந்தாலும், எஞ்சின் ஒயில் சரியாக வேலை செய்வது 90 பாகையை அண்டிய சூட்டில்தான். தண்ணீர் முள் நடுவுக்கு வந்தபிறகும் ஒயில் சூடாக இன்னும் பல நிமிடங்கள் எடுக்கும். வீட்டிலிருந்து சந்தைக்கு 2 கிலோமீற்றர் போய் நிறுத்தி, திரும்பி வந்து நிறுத்தினால், எரியாத பெற்றோலும் ஈரமும் ஒயிலுக்குள் சேர்ந்துகொண்டே போகும். மஸ்தா ஆர்.எக்ஸ்-8 வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பொல்லாதது. முற்றத்தில் கழுவுவதற்காக நாலு அடி நகர்த்தி உடனே நிறுத்தினால், அதன் றோட்டரி எஞ்சினுக்குள் (பிஸ்டனுக்குப் பதில் சுழலும் துண்டு உள்ள எஞ்சின்) பெற்றோல் தேங்கி, பிறகு எவ்வளவு அடித்தாலும் ஸ்டார்ட் ஆகாமல் போகக்கூடும். அந்த எஞ்சின் தன் உராய்வைக் குறைக்கத் தானே ஒயிலை எரிக்கும்படி செய்யப்பட்டது. ஒயில் குறைகிறதே என்று பதற வேண்டாம். குறைவதைப் பார்க்காமல் விடுவதுதான் பிழை. எந்தக் காரானாலும் பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள்.

பெற்றோல் விடயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். யப்பான் சந்தைக்குச் செய்த எஸ்.ரி.ஐ, லான்சர் எவல்யூஷன் போன்ற கார்கள் அங்கே விற்கும் 100ஐ அண்டிய ஒக்டேன் (நேரத்துக்கு முன் வெடிக்காமல் தாங்கும் அளவு) பெற்றோலை நம்பிச் செய்யப்பட்டவை. எங்களுக்குப் பொதுவாகக் கிடைக்கிற உயர்ந்தது 95. அதுவே ஒரு படி கீழேதான். அதற்குள் 92ஐ அடித்துவிட்டு, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டேர்போவை முழு அழுத்தத்துக்கு விட்டால், பெற்றோல் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனை அடிக்கும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி ஓரளவு சமாளிக்கும், ஆனால் தொடர்ந்து அடி வாங்கினால் பிஸ்டனில் ரிங் அமரும் விளிம்பு உடையும். உடைந்தால் எஞ்சினை முழுதாகக் கழற்ற வேண்டும். "பாதி 92, பாதி 95" என்று கலப்பவர்களும் உண்டு. கூட்டிப் பாருங்கள், 93.5தான். எல்லாப் பெற்றோல் செட்டிலும் 95 இருக்காது. ஆகவே டாங்கி பாதியாகும்போதே இருக்கிற இடத்தில் நிரப்பிவிட வேண்டும். வேறு வழியில்லாமல் 92 அடித்தால், ஊர் சேர மட்டும் அடித்து, டேர்போ விசில் கேட்காத அளவுக்கு மெதுவாகப் போங்கள். நீண்டகாலம் வைத்திருப்பதாக இருந்தால், விடயம் தெரிந்தவரிடம் கொடுத்துக் கணினியை 95க்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளலாம். நான் செய்ததில் மிகப் பிரயோசனமான செலவு அதுதான்.

ரயரில் நான் விட்ட பிழையையும் சொல்ல வேண்டும். கிறவல் வீதியில் ஒரு கூர்க்கல் ரயரின் பக்கச் சுவரைக் கிழித்தது. அதே அளவில் ஒன்றை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். நான்கு சில்லும் இழுக்கிற காரில் அப்படிச் செய்யக் கூடாது. தேய்ந்த ரயரும் புதிய ரயரும் ஒரே வேகத்தில் சுற்றாது. முன், பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரன்சியல் அந்த வித்தியாசத்தை ஓயாமல் சமாளித்துச் சூடாகித் தேயும். சுற்றளவு வித்தியாசம் 6 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பது சுபாருவின் கணக்கு. இப்போது ஒரே வகையில் ஐந்து ரயர் வாங்கி, ஐந்தையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரேயளவாகத் தேயவிடுகிறேன்.

எயார் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த ஃபில்டர் போடுவது இளம் பெடியளுக்கு ஆசை. சத்தம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சோளகம் வீசும் மாதங்களில் எங்கள் செம்மண் தூசி எங்கே போகும் என்று யோசியுங்கள். கம்பனி போட்ட பெட்டியே போதும், ஃபில்டரை மட்டும் அடிக்கடி மாற்றுங்கள்.

சைலன்சர் பற்றிச் சொல்வது வேறு வகை. அக்சிலேற்றரில் இருந்து காலை எடுக்கும்போது 'பட் பட்' என்று வெடிக்கும்படி சிலர் கணினியை மாற்றுகிறார்கள். இது எஞ்சினுக்கும் நல்லதல்ல, ஆனால் நான் கேட்பது அதற்காக அல்ல. இங்கே ஒவ்வொரு வீட்டிலும் 2009ஐக் கடந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். இரவில் அந்தச் சத்தம் கேட்டு எழுந்து உட்காரும் ஒரு அம்மாவுக்கு அது காரின் சத்தம் என்று விளங்கச் சில நொடிகள் எடுக்கும். அந்தச் சில நொடிகளை அவருக்குக் கொடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஏ9 வீதி நேராக இருக்கிறது என்று வேகமாக மிதிப்பதும் பிழைதான். நகரத்துக்கு வெளியே சட்டப்படி மணிக்கு 70 கிலோமீற்றர். இரவில் மாடுகள் சூடான தாரில் வந்து படுக்கும், மாங்குளம் – ஒட்டுசுட்டான் பக்கம் யானையும் வரலாம். கண் கண்டு கால் பிறேக்கில் விழ ஒரு செக்கன் போனால், 70இல் கார் 19 மீற்றர் ஓடியிருக்கும், 110இல் 30 மீற்றருக்கு மேல். பிறேக் எவ்வளவு நல்லதென்றாலும் அந்த ஒரு செக்கனுக்கு உதவாது.

காலபோக அறுவடை நேரத்தில் வீதியின் ஓரம் முழுக்க நெல் காயும். நெல்லுக்குக் காவலாக வைத்த கற்கள் லொறிக்காரருக்குத் தெரியும், சாண் உயரத்தில் இருக்கிற எங்கள் பம்பருக்குத் தெரியாது. வேகத்தைக் குறைத்து மறுபக்கம் வெறுமையானபின் விலகிப் போங்கள். காய்ந்த வைக்கோலின் மேல் காரை நிறுத்தவே வேண்டாம், அடியில் புகைபோக்கி நெருப்பாகச் சுடும்.

மார்கழியில் வெள்ளம் வீதியை மேவிப் பாய்ந்தால் திரும்பிவிடுங்கள். முன்னால் பஸ் போகிறதே என்று பின்னால் போவது பெரிய பிழை. சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் அது அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் றொட்தான் வளையும். நடுவில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் தள்ளி எடுங்கள்.

வாங்குவதைப் பற்றி ஒன்று. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. அதனால் இங்கே கைமாறுகிற ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் வயதானவை. பெயின்ற் மினுக்கத்தைப் பார்த்து முற்பணம் கொடுக்காமல், எஞ்சின் கொம்பிரசனை (சிலிண்டருக்குள் வரும் அழுத்தத்தை) அளந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

இப்போது நான் காரை ஒரு வாரத்துக்கு மேல் சும்மா நிற்க விடுவதில்லை. ஞாயிறு காலை அம்மாவை ஏற்றிக்கொண்டு முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்புவேன். அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடுவதால் ஒயில் நன்றாகச் சூடேறி, பற்றறியும் ஏறிவிடும். வீட்டு ஒழுங்கை கிடங்கு விழுந்த கிறவல். அதில் முதல் கியரில் ஊர்ந்து முற்றத்துக்கு வர எடுக்கும் இரண்டு நிமிடத்துக்குள் டேர்போவும் ஆறிவிடும்.