பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் சூடோ திறக்கவில்லையா?

போன வாரம், லினக்ஸ் பழகிக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் கூப்பிட்டார். "அண்ணா, பாஸ்வேர்டை மூணு தடவை மாத்திட்டேன். சூடோ இன்னும் விட மாட்டேங்குது. பேசாம ஃபார்மட் அடிச்சிடவா?" சூடோ என்பது லினக்ஸில் நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்ட வைப்பது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியோடு கருப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவன்தான்.

கேப்ஸ் லாக் எரிவது, பாஸ்வேர்டு எழுதிய சீட்டைத் தொலைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். நம் சொந்தக் கணினியிலோ, நம்பி நம்மிடம் விட்ட கணினியிலோ நிர்வாகி உரிமையை மீட்கப் போகும்போது செய்கிற தவறுகள்தான் இங்கே.

எந்தப் பூட்டு என்று பார்க்காமல் சாவி தேடுவது

சூடோ காரணம் சொல்லிவிட்டுத்தான் மறுக்கும். அந்த வரியைத்தான் யாரும் படிப்பதில்லை. 'சாரி, ட்ரை அகெயின்' என்று வந்தால் பாஸ்வேர்டு தவறு. 'நாட் இன் த சூடோயர்ஸ் ஃபைல்' என்று வந்தால் பாஸ்வேர்டு சரி, உங்களுக்குத்தான் உரிமை இல்லை. அப்போது பாஸ்வேர்டை முந்நூறு தடவை மாற்றினாலும் பயனில்லை. உபுண்டு, ஃபெடோரா போல இன்னொரு லினக்ஸ் தொகுப்பான ஆர்ச்சில் வேறொரு மறுப்பும் உண்டு: 15 நிமிடத்துக்குள் மூன்று முறை தவறாக அடித்தால் கணக்கு 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும். போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் போதும்.

தம்பிக்கு வந்தது இரண்டாவது வரி. கடைசியாக என்ன செய்தாய் என்று கேட்டேன். "டாக்கர் குரூப்ல என் பேரைச் சேர்த்தேன்" என்றார். (டாக்கர், மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி.) மிச்சத்தை அவர் சொல்ல வேண்டியதே இல்லை.

சின்ன ஏ-வை விட்டுவிட்டு பெரிய ஜி-யை மட்டும் அடிப்பது

இதைக் கொஞ்சம் நீளமாகவே பேசுகிறேன். எரிச்சல் இன்னும் தீரவில்லை.

உபுண்டுவில் நிர்வாகி உரிமை என்பது சூடோ என்ற குழுவில் உங்கள் பெயர் இருப்பதுதான். ஃபெடோராவில் அந்தக் குழுவுக்கு வீல் என்று பெயர். பயனர் கணக்கை மாற்றும் யூசர்மாட் கட்டளையோடு பெரிய ஜி போட்டு டாக்கர் என்று எழுதினால், 'இவரை டாக்கர் குழுவிலும் சேர்' என்று அது புரிந்துகொள்ளாது. 'இனி இவருடைய கூடுதல் குழு இது ஒன்றுதான்' என்று எடுத்துக்கொண்டு, மற்ற குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் உங்களைக் கழற்றிவிடும். கூடவே சின்ன ஏ இருந்தால்தான் இருப்பதோடு சேர்க்கும். எச்சரிக்கை கிடையாது. 'நிச்சயமா?' என்று ஒரு கேள்விகூடக் கிடையாது.

இதில் கொடுமை, செய்த தவறு உடனே தெரியாது. ஏற்கெனவே லாகின் செய்திருக்கும் அமர்வு பழைய குழுக்களையே வைத்திருக்கும். அன்று முழுக்க சூடோ ஜம்மென்று ஓடும். அடுத்த லாகினில்தான் கதவு மூடியிருப்பது தெரியும்.

தெரிந்தவர் ஒருவருடைய அரிசி மண்டியில், புது பில்லிங் மென்பொருளுக்காக ஒரு சனிக்கிழமை இரவு டாக்கர் போட்டேன். கட்டளையைப் பார்த்து அடிக்காமல் ஞாபகத்திலிருந்து அடித்தேன், ஏ விட்டுப்போயிற்று. எல்லாம் ஓடியது. கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கள் காலை போன்: எடைமேடையிலிருந்து கணினிக்கு எடை வரவில்லை, வாசலில் லாரிகள் நிற்கின்றன. எடைமேடை சீரியல் போர்ட் வழியாக இணைந்திருந்தது. அதைத் தொட டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும். சூடோவோடு அதுவும் போயிருந்தது. இது புரியாமல், ரெக்கவரி மோடுக்கு (கணினியைப் பழுது பார்க்கும் தொடக்க நிலைக்கு)ப் போய் முதலில் பாஸ்வேர்டை மாற்றினேன். அப்புறம் ஞாபகத்துக்கு வந்த குழுக்களில் எல்லாம் ஒவ்வொன்றாகப் பெயரைச் சேர்த்தேன். இதுதான் இரண்டாவது முட்டாள்தனம்.

ஏனென்றால், அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவில், குழுக்களின் பட்டியலான க்ரூப் என்ற கோப்புக்குப் பக்கத்திலேயே, பெயரின் கடைசியில் ஒரு சிறுகோடு போட்ட இன்னொரு கோப்பு இருக்கும். கடைசி மாற்றத்துக்கு முந்தைய நிலை அதில் அப்படியே கிடக்கும். ஒரே ஒரு படி மட்டும்தான். நான் முதல் குழுவைச் சேர்த்த நொடியிலேயே அந்த நகல் அழிந்து, உடைந்த பட்டியலின் நகல் அங்கே வந்துவிட்டது. டயல்அவுட் என்ற பெயரைக் கண்டுபிடிக்க மதியம் ஆகிவிட்டது. அதுவரை எடையைக் கையால் எழுதினார்கள்.

அதனால், தவறு உறைத்தவுடன் அமர்வு திறந்திருந்தால் மூடாதீர்கள், அங்கேயே சூடோ குழுவில் திரும்பச் சேர்ந்துகொள்ளலாம். மூடியிருந்தால் ரெக்கவரி மோடில் ரூட் ஷெல்லுக்கு (முழு நிர்வாகியின் கட்டளைத் திரைக்கு)ப் போய், எதையும் தொடும் முன் அந்தச் சிறுகோட்டுக் கோப்பைப் படித்து, உங்கள் பெயர் இருக்கும் குழுக்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் இப்போது யூசர்மாட் பக்கமே போவதில்லை. குழுக்களைக் கவனிக்கும் ஜிபாஸ்வேர்டு கட்டளைக்குச் சின்ன ஏ கொடுத்தால் சேர்க்க மட்டும்தான் செய்யும். ஏ-வை மறந்தாலும் அது யாரையும் கழற்றாது.

எஸ்கேப்பைப் பதறிப் பதறித் தட்டுவது

ரெக்கவரி மோடுக்குப் போக, கணினி தொடங்கும்போது க்ரப் என்ற தொடக்க மெனுவை வரவைக்க வேண்டும். யூஇஎஃப்ஐ உள்ள புதிய கணினியில் எஸ்கேப்பை ஒரு தட்டு போதும். தட்டிக்கொண்டே இருந்தால் மெனுவைத் தாண்டி க்ரப்பின் கட்டளை வரிக்குப் போய் நிற்பீர்கள். பழைய பயாஸ் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

எழுத முடியாத வட்டில் எழுதப் பார்ப்பது

ரூட் ஷெல் வந்த மகிழ்ச்சியில் பாஸ்வேர்டை மாற்றினால் 'ஆதன்டிகேஷன் டோக்கன் மேனிபுலேஷன் எரர்' என்று முகத்தில் அடிக்கும். பெயர்தான் பயமுறுத்துகிறது, விஷயம் சின்னது. வட்டு படிக்க மட்டும் திறந்திருக்கிறது. எழுதும்படி ரீமவுன்ட் செய்துவிட்டு மறுபடி அடியுங்கள்.

பயனர் பெயர் கொடுக்காமல் பாஸ்வேர்டு மாற்றுவது

மாறியது ரூட்டின் பாஸ்வேர்டு. உங்களுடையது அப்படியே இருக்கிறது.

லைவ் யூஎஸ்பியின் பாஸ்வேர்டை மாற்றுவது

யூஎஸ்பியிலிருந்தே லினக்ஸை ஓட்டினால், கணினியின் உள்ளே இருக்கும் வட்டை மவுன்ட் செய்து (இணைத்து), சிரூட் போட்டு (அந்த வட்டையே ரூட் அடைவாக ஆக்கி) உள்ளே போன பிறகுதான் அது உங்கள் கணினி. அதற்கு முன் நீங்கள் மாற்றியது எல்லாம் யூஎஸ்பியைப் பிடுங்கியதும் போய்விடும்.

சூடோயர்ஸ் கோப்பை நேராக எடிட்டரில் திறப்பது

யாருக்கு சூடோ உரிமை என்று சொல்லும் கோப்பு அது. பிழை இருந்தால் சேமிக்கும் முன்பே சொல்லிவிடும் விசூடோ எதற்கு இருக்கிறது?

ஃபெடோராவில் ஆட்டோரீலேபலை மறப்பது

தொடக்கத்தை நடுவில் நிறுத்தும் ஆர்டி பிரேக் வழியாகப் போய் பாஸ்வேர்டை மாற்றினால், வெளியே வரும் முன் எல்லாவற்றுக்கும் மேலான ரூட் அடைவில் (/) ஆட்டோரீலேபல் என்ற பெயரில், முன்னால் ஒரு புள்ளியோடு, காலிக் கோப்பு ஒன்றை வைக்க வேண்டும். வைக்காவிட்டால், செலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு சரியான பாஸ்வேர்டைக்கூட உள்ளே விடாமல் போகலாம்.

மீட்ட பிறகு பயப்படுவது

தம்பியின் கணினி அன்று மாலையே சரியானது. சிறுகோட்டுக் கோப்பு அவருக்குக் கைகொடுத்தது. இரவு மறுபடி போன்: "அண்ணா, பிரவுசரைத் திறந்தா கீரிங் பாஸ்வேர்டு கேக்குது. புது பாஸ்வேர்டு போட்டா ஏத்துக்க மாட்டேங்குது." கீரிங் என்பது சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் பெட்டி. ரெக்கவரி மோடில் மாற்றிய பாஸ்வேர்டு அதற்குத் தெரியாது, அது பழையதில்தான் பூட்டியிருக்கும். பழையதை அடிக்கச் சொன்னேன். அதை அவர் மறக்கவே இல்லையே.