நகலெடுக்க விடாத பிடிஎஃப்பிலிருந்து எழுத்துகளை எடுப்பது எப்படி?

பிடிஎஃப் கோப்பு திறக்கிறது, படிக்கவும் முடிகிறது. ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்கப் போனால் மட்டும் மறுக்கிறது. உடனே பலரும் பூட்டு திறந்து தருவதாகச் சொல்லும் ஏதாவது ஓர் இணையதளத்தில் கோப்பை ஏற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒப்பந்தமோ மருத்துவ அறிக்கையோ, அந்தக் கோப்பு யார் கைக்குப் போகிறது என்று நமக்குத் தெரியாது. நம் கணினியிலேயே, இலவச மென்பொருளைக் கொண்டே இந்த வேலையை முடித்துவிடலாம்.

முதலில் பூட்டு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். பிடிஎஃப்பில் இரண்டு வகைக் கடவுச்சொற்கள் உண்டு. ஒன்று, கோப்பைத் திறப்பதற்கே கேட்பது. அது தெரியாவிட்டால் இங்கே சொல்லும் எந்த வழியும் உதவாது. இன்னொன்று உரிமையாளர் கடவுச்சொல். இது போடப்பட்ட கோப்பை யாரும் திறந்து படிக்கலாம்; ஆனால் அச்சிடுவது, நகலெடுப்பது போன்றவற்றுக்குத் தடை போட்டு வைக்கலாம். கோப்பு திரையில் தெரிகிறது என்றாலே உள்ளே இருக்கும் எழுத்துகளை மென்பொருள் படித்துவிட்டது என்றுதான் பொருள். நகலெடுக்காதே என்பது கோப்புக்குள் இருக்கும் ஒரு குறிப்பு மட்டுமே, அதை மதித்து நடப்பது திறக்கும் மென்பொருளின் பொறுப்பு. அடோபி ரீடரில் ஃபைல் மெனுவில் ப்ராப்பர்ட்டீஸ் போய், செக்யூரிட்டி பகுதியைப் பார்த்தால் எதற்கெல்லாம் தடை என்று தெரியும்.

இங்கே நமக்குக் கைகொடுப்பது ஒக்குலர். கேடிஇ என்ற மென்பொருள் குழுவினர் உருவாக்கிய, பிடிஎஃப் படிப்பதற்கான கட்டற்ற மென்பொருள் இது. லினக்ஸில் உங்கள் மென்பொருள் மையத்திலும், விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் இலவசமாகக் கிடைக்கும். நிறுவிய பிறகு கோப்பை அதில் திறந்து, டூல்ஸ் மெனுவில் டெக்ஸ்ட் செலக்‌ஷன் கருவியை எடுத்து ஒரு வரியைத் தேர்ந்தெடுங்கள். வலது கிளிக் செய்தால், நகலெடுக்கத் தடை என்று ஒக்குலரும் சொல்லும். பதற வேண்டாம். செட்டிங்ஸ் மெனுவில் கன்ஃபிகர் ஒக்குலர் என்பதைத் திறந்து, ஜெனரல் பகுதிக்குப் போங்கள். அங்கே 'ஒபே டிஆர்எம் லிமிடேஷன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும்; கோப்பில் போட்ட தடைகளை மதித்து நட என்று பொருள். அதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள். இப்போது அதே வரியை மறுபடி தேர்ந்தெடுத்தால் நகலெடுக்கலாம். மெனு பட்டியே கண்ணில் படவில்லை என்றால் கன்ட்ரோலும் எம்-மும் சேர்த்து அழுத்துங்கள், வந்துவிடும்.

தடை போட்டவருக்கு அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம். உங்கள் சொந்தக் கோப்பு, அனுமதி பெற்ற கோப்பு, மேற்கோளுக்கான சில வரிகள் இவற்றுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். அடுத்தவர் நூலை முழுதாக எடுத்து வெளியிட இது வழியல்ல.

சரி, நகலெடுத்தாயிற்று. ஒட்டிப் பார்த்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வருகின்றனவா? அது பூட்டின் கோளாறு அல்ல. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு அது. பாமினியில் 'தமிழ்' என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் சேமிக்கப்படும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் ஒட்டி, யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். யூனிகோடு கோப்பிலும் சில சமயம் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாம் இடம் மாறி விழும். இரண்டு மூன்று சொற்கள் என்றால் கையால் திருத்தலாம். பக்கம் பக்கமாக அப்படி இருந்தால், அடுத்துச் சொல்லும் வழிதான் மேல்.

ஒரு சொல்லைக்கூடத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை, பெரிதாக்கினால் எழுத்து மங்குகிறது என்றால் அது ஸ்கேன் செய்த படம். உள்ளே எழுத்தே இல்லை, அதனால் ஒக்குலரால் பயனில்லை. இதற்கு, படத்தில் உள்ள எழுத்துகளை அடையாளம் கண்டு தரும் எழுத்துணரி (ஓசிஆர்) மென்பொருள் வேண்டும். 1980களில் எச்பி நிறுவனத்தில் தொடங்கி, 2005இல் திறமூலமாக வெளிவந்த டெசராக்ட் தமிழையும் படிக்கும். கட்டளை வரி பழக்கமில்லாதவர்களுக்கு, அதையே உள்ளே வைத்து இயங்கும் ஜி-இமேஜ்-ரீடர் போதும். அதில் கோப்பைத் திறந்து, மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் இல்லையென்றால் அதே பட்டியலில் மேனேஜ் லாங்குவேஜஸ் வழியாகச் சேர்க்கலாம். அப்புறம் ரெகக்னைஸ் பொத்தானை அழுத்தினால் பக்கத்துப் பெட்டியில் எழுத்துகள் வந்து சேரும்.

வந்ததை அப்படியே நம்பிவிடாதீர்கள். துணைக்காலையும் ரகரத்தையும் அது அடிக்கடி குழப்பிக்கொள்ளும், புள்ளிகளையும் விட்டுவிடும். மூலக்கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்திய பிறகே சேமியுங்கள். எண்களும் பெயர்களும் வரும் இடங்களை மட்டும் இரண்டாம் முறையும் பாருங்கள்.