நேரடி விமான டிக்கெட்: பணம் எந்த இடத்தில் கழன்று போகிறது?

விமான டிக்கெட் என்று பேச்செடுத்தால் போதும், ஆளுக்கொரு ரகசியம் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி பார், இன்காக்னிட்டோவில் பார், குக்கீயை அழித்துவிட்டுப் பார். இந்த வேட்டையில் ஒரு முழு மாலைப் பொழுதைச் செலவழித்து முந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்தவர், பெயரைத் தப்பாக அடித்து மூவாயிரம் விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. விலை தேடும் திறமையைவிட, வாங்கும்போது காட்டும் நிதானம்தான் பணத்தைக் காப்பாற்றுகிறது என்பது என் கட்சி.

திருச்சி–சிங்கப்பூர் தடத்தை வைத்தே பேசலாம். ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்று பல நிறுவனங்கள் இடையில் நிற்காமல் பறக்கும் தடம் இது. நாலு மணி நேரத்துச் சொச்சப் பயணம். வேலைக்குப் போகிறவர், பிள்ளையைப் பார்க்கப் போகும் அப்பா அம்மா, சுற்றுலாக் குடும்பம் என எல்லோரும் இதில் இருப்பதால், நம் ஆட்கள் செய்யும் தவறுகள் அத்தனையும் இங்கே நடக்கும்.

முதலில் அந்த ரகசியங்களை முடித்துவிடுவோம். ஒரு விமானத்தின் எக்கானமி சீட்டுகள் எல்லாம் ஒரே விலைக்கு விற்கப்படுவதில்லை. நிறுவனம் அவற்றைப் பல விலைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தை வைத்திருக்கும். கீழ்ப்படியில் ஒதுக்கிய சீட்டுகள் தீர்ந்தால் அடுத்த படி திறக்கும். எந்தப் படியில் எத்தனை சீட் என்பதையும் விற்பனையைப் பார்த்து அவ்வப்போது மாற்றுவார்கள். காலையில் பார்த்த விலை மதியம் ஏறியிருந்தால், பெரும்பாலும் இடையில் யாரோ வாங்கியிருப்பார்கள், அல்லது தேடல் தளம் பழைய விலையைக் காட்டியிருக்கும். நீங்கள் முன்பு தேடியதை உங்கள் பிரவுசர் காட்டிக்கொடுத்தது என்று நினைக்கத் தேவையில்லை.

இந்தப் படிக்கட்டு விஷயம் தெரிந்தால் உருப்படியான லாபம் ஒன்று உண்டு. குடும்பமாகப் போகிறவர்கள் நேராக நான்கு பேர் என்று போட்டுத் தேடுவார்கள். கீழ்ப்படியில் இரண்டே சீட் மிச்சமிருந்தால், பல தளங்கள் நான்கு பேருக்கும் மேல்படி விலையைத்தான் காட்டும். ஆகவே ஒருவருக்குத் தேடிப் பாருங்கள், பிறகு இருவர், மூவர். தலைக்கு விலை எந்த எண்ணிக்கையில் குதிக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு பேரைத் தனியாகவும் மற்ற இருவரைத் தனியாகவும் வாங்கினால் கொஞ்சம் மிஞ்சலாம். ஆனால் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வாங்காதீர்கள். 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே பி.என்.ஆரில் (முன்பதிவு எண்ணில்) இருக்கும் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது சீட் தரவேண்டும் என்று விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2024-இல் இந்திய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. பி.என்.ஆர். வேறு வேறாகிவிட்டால் அந்த உரிமையும் போய்விடும், பக்கத்து சீட்டுக்குக் காசு கட்ட வேண்டியிருக்கும்.

முதல் பக்க விலையை நம்புவது

அடுத்த பெரிய ஓட்டை லக்கேஜ். ஸ்கூட்டின் மிகக் குறைந்த கட்டணத்தில் கையில் எடுத்துப்போகும் பை மட்டும்தான், செக்-இன் பெட்டி கிடையாது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் செக்-இன் பெட்டி இல்லாத 'லைட்' கட்டணத்தை வைத்திருக்கிறது. தேடல் தளத்தில் மேலே மின்னுவது இப்படிப்பட்ட விலையாக இருக்கும், அதற்குக் கீழே 20, 25 கிலோ சேர்ந்த இன்னொரு நிறுவனத்தின் விலை ஏதோ கொள்ளை போலத் தெரியும். மகன் வீட்டுக்குப் போகும் அம்மா வெறும் கைப்பையோடு கிளம்புவாரா? இட்லிப் பொடியும் ஊறுகாயுமே அதைத் தாண்டிவிடும். எனவே தேவையான கிலோவைச் சேர்த்த பிறகுதான் இரண்டு விலைகளையும் பக்கத்தில் வையுங்கள். பெட்டி வேண்டும் என்று தெரிந்தால் டிக்கெட்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். அதே கிலோவுக்கு விமான நிலையக் கவுன்டரில் வசூலிக்கும் தொகையைக் கேட்டால், பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிடுவீர்கள்.

ஒரு குடும்பத்தில் எல்லோருக்கும் பெட்டி வாங்க வேண்டியதும் இல்லை. நான்கு பேரில் இருவருக்கு மட்டும் வாங்கினால் போதுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சீட் தேர்வுப் பக்கம் வரும்போது அது கட்டாயம் போலவே இருக்கும். பெரும்பாலான இடங்களில் 'தவிர்' என்றொரு சின்ன எழுத்து ஓரமாக ஒளிந்திருக்கும். அதைத் தட்டிவிட்டுப் போனால் செக்-இன் நேரத்தில் ஏதோ ஒரு சீட் இலவசமாக வந்துவிடும். நாலு மணி நேரப் பயணத்துக்கு ஜன்னலோரம் வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். காப்பீடு, சாப்பாடு, அறக்கட்டளைக்கு நன்கொடை என்று கேட்காமலே டிக் போட்டு வைப்பதும் உண்டு. வாங்குபவருக்குத் தெரியாமல் இப்படிக் கூடையில் சேர்ப்பதையும், விலையைக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதையும் ஏமாற்று உத்திகள் என்று பட்டியலிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. நெறி இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. பணம் கட்டும் முன் ஒவ்வொரு வரியையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் கன்வீனியன்ஸ் ஃபீ, அதாவது தளம் தன் சேவைக்கென்று எடுக்கும் கட்டணம். இது பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும், ரத்து செய்தால் திரும்பாது. ஒரு தளத்தில் 'இந்த கார்டுக்கு 1,500 தள்ளுபடி' என்று இருக்கும். அதில் இந்த ஃபீயைக் கழித்தால் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கும் அதற்கும் வித்தியாசம் நூறு இருநூறு ரூபாய்க்கு வந்துவிடும். அந்த நூறு இருநூறுக்காக இடைத்தரகரிடம் வாங்கலாமா என்பதைப் பிறகு சொல்கிறேன். சிங்கப்பூரிலிருந்து திரும்பும் டிக்கெட்டைத் தனியாக வாங்கும்போது விலை சிங்கப்பூர் டாலரில் வரலாம். பல இந்திய கார்டுகள் வெளிநாட்டுப் பணத்துக்கு மூன்று சதவீதத்துக்கு மேல் கூடுதலாக வசூலிக்கின்றன, அதன்மேல் ஜிஎஸ்டி வேறு. உங்கள் கார்டின் கட்டணத்தையும் சேர்த்துத்தான் விலை.

பெயரும் தேதியும்

தமிழர்களுக்கென்றே இருக்கும் சிக்கல் இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் சர்நேம் இடத்தில் விரிந்திருக்கும், சிலருக்கு அந்த இடம் காலியாக இருக்கும், சிலருக்கு இரண்டும் கிவன் நேமிலேயே ஒட்டிக்கிடக்கும். டிக்கெட் படிவமோ இரண்டு கட்டங்களையும் நிரப்பச் சொல்லும். ஆதாரைப் பார்த்து 'கே. முருகன்' என்று நிரப்பிவிட்டு வெளிநாட்டுப் பயணத்துக்குப் போய் நிற்பவர்கள் உண்டு. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் எழுத்துக்களை அப்படியே அடியுங்கள். சர்நேம் காலியாக இருந்தால் என்ன போடுவது என்பதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதம் சொல்லும். சிலவற்றில் கிவன் நேமையே இரண்டு முறை அடிக்க வேண்டும். அந்தந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தில் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

துபாய் பக்கம் போகிறவர்களுக்கு இது டிக்கெட்டோடு முடிவதில்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்பார்கள் என்று பிறகு விளக்கம் வந்தது. விசா நிலவரம் தெரியாமல் மலிவான, பணம் திரும்பாத டிக்கெட்டை முந்திக்கொண்டு வாங்குவது சேமிப்பே இல்லை.

தேதி விஷயத்தில் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து கிழக்கே போகும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:40 என்று இருந்தால், 14-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்பவருக்கு 'நேற்றே போய்விட்டது' என்ற பதில்தான் கிடைக்கும். போகும் பயணத்தைத் தவறவிட்டால், ஒரே டிக்கெட்டில் இருக்கும் திரும்பும் பயணத்தையும் பல முழுச்சேவை நிறுவனங்கள் ரத்து செய்துவிடும். தவறவிட்டவர் முதல் வேலையாக நிறுவனத்தைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

எந்த ஊர், எந்த நாள்

'நேரடி' என்று போட்டிருப்பதெல்லாம் நிற்காமல் போவதில்லை. ஒரே விமான எண்ணோடு வழியில் ஓரிடத்தில் இறங்கி ஏறும் பயணத்தையும் அப்படிச் சொல்வார்கள். தேடல் தளத்தின் வடிகட்டியில் (ஃபில்டர்) 'நான்-ஸ்டாப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

தஞ்சாவூர்க்காரர் சென்னையிலிருந்து ஆயிரம் ரூபாய் குறைவு என்று வாங்குகிறார். சென்னைக்கு ரயில், நள்ளிரவில் டாக்ஸி, நடுவில் சாப்பாடு, நான்கு பேருக்கு. திருச்சி ஒரு மணி நேரத் தொலைவு. மாறாக, கோயம்புத்தூர்க்காரர் கொச்சியையும் பெங்களூரையும் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் பெங்களூர் விமான நிலையம் தேவனஹள்ளியில், நகரத்தைத் தாண்டி இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. சென்னை விமான நிலையத்துக்கு மெட்ரோ உண்டு, ஆனால் நள்ளிரவு விமானத்தில் இறங்குகிறவருக்கு அது உதவாது.

நாள் என்றால் பொங்கலும் தீபாவளியும் எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையைத்தான் பலர் மறக்கிறார்கள். ஜூன் மாதமும், நவம்பர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் முடியும்வரையும் அங்குள்ள குடும்பங்கள் ஊருக்கு வரும். விடுமுறை தொடங்கும்போது இங்கே வரும் திசையில் விலை ஏறும், முடியும்போது திரும்பிப்போகும் திசையில் ஏறும். கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிறவருக்கு அதே வாரத்தில் நல்ல விலை கிடைக்கலாம். கூகுள் ஃப்ளைட்ஸில் தேதிவாரி விலையைப் பார்த்து, விலை மாறினால் மின்னஞ்சல் வரும்படி வைத்துவிட்டால் தினமும் உட்கார்ந்து தேட வேண்டாம். கடைசி நேரத்தில் இறங்கும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். நாளுக்குச் சில விமானங்களே உள்ள நேரடித் தடத்தில், கடைசி வாரம் மிஞ்சுவது அவசரக்காரர்களுக்கான மேல்படிச் சீட்டுகள்தான்.

யாரிடம் வாங்குவது

தேடுவதற்கு எந்தத் தளமும் சரி. வாங்குவதற்கு, விலை வித்தியாசம் பெரிதாக இல்லாவிட்டால், விமான நிறுவனத்தின் சொந்தத் தளமே மேல். தரகுத் தளத்தில் வாங்கிய டிக்கெட்டில் மாற்றமோ ரத்தோ வந்தால், நிறுவனத்தின் கட்டணத்தோடு தரகரின் கட்டணமும் சேரும். நிறுவனத்தைக் கேட்டால் 'வாங்கிய இடத்தில் கேளுங்கள்' என்பார்கள். சில தரகர்கள் பயணியின் மின்னஞ்சலுக்குப் பதில் தங்கள் மின்னஞ்சலைப் பதிந்துவிடுவார்கள். விமானம் மூன்று மணி நேரம் முன்கூட்டியே கிளம்பப்போகிறது என்ற தகவல் அவர்கள் இன்பாக்ஸில் தூங்கும். அப்படி வாங்கியிருந்தால், நிறுவனத்தின் தளத்தில் பி.என்.ஆரைப் போட்டு உங்கள் கைபேசி எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடி, முதலில் வந்ததைக் கூப்பிடுவது ஆபத்து. 'பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள், இந்த ஆப்பை இறக்குங்கள்' என்று பேசுபவர் திருடர். எண்ணை நிறுவனத்தின் ஆப்பிலிருந்தோ டிக்கெட்டிலிருந்தோ எடுங்கள்.

வாங்கிய உடனே டிக்கெட்டைத் திறந்து பெயர், தேதி, ஊர் மூன்றையும் இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இந்தியாவில் டிஜிசிஏ விதிப்படி, வாங்கியதிலிருந்து முதல் 24 மணி நேரம்வரையாவது கட்டணமில்லாமல் ரத்து செய்யவோ மாற்றவோ வாய்ப்பு உண்டு. மாற்றினால் புதிய விலைக்கான வித்தியாசத்தை மட்டும் கட்ட வேண்டும். பயணத் தேதி போதிய தூரத்தில், உள்நாட்டுக்கு ஒரு வாரமாவது தள்ளி, இருக்க வேண்டும். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்கியிருந்து, பெயரில் உள்ள எழுத்துப்பிழையை அந்த 24 மணி நேரத்துக்குள் பிடித்தால் செலவே இல்லை.

அவகாசம் தாண்டிவிட்டாலும் முழுப்பணமும் போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக்கூடாது. பணம் திரும்பாத டிக்கெட்டாக இருந்தாலும், பயணமே போகாமல் விட்டிருந்தாலும், அரசு வரிகளையும் விமான நிலையப் பயனாளர் கட்டணத்தையும் திருப்பித் தரவேண்டும். நீங்கள் கேட்காவிட்டால் தானாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தளத்தில் இதற்கென்று தனிப் படிவம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் மட்டும் தங்கள் நாட்டு விதிப்படி பணம் தருவார்கள் என்று அதே விதி சொல்கிறது. அதனால் திருச்சியிலிருந்து ஸ்கூட்டில் போகிறவர், இண்டிகோவுக்குப் பொருந்தும் கணக்கு இதற்கும் பொருந்தும் என்று நினைக்காமல், பணம் கட்டும் முன் அவர்களுடைய ரத்து விதியைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும்.