முட்டைக்கும் கறிக்கும் ஒரே கோழி: எங்கே சறுக்குகிறோம்?

ரோட் ஐலண்ட் ரெட், சசெக்ஸ், பிளைமவுத் ராக் போன்ற, முட்டைக்கும் கறிக்கும் சேர்த்து வளர்க்கும் கோழி இனங்களை வாங்கும் முன்பே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கென்றே வளர்க்கும் கோழி அளவுக்கு இவை முட்டையிடாது, பிராய்லர் அளவுக்குச் சதையும் போடாது. ஆறேழு வாரத்தில் கறி கிடைக்கும் என்று நினைப்பவர்கள்தான் முதலில் சலித்துப்போகிறார்கள்.

பெரும்பாலும் கணக்கு உதைப்பது சேவல் விஷயத்தில். ஆண், பெண் பிரிக்காமல் 20 குஞ்சு வாங்கினால் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம். அதுவும் குஞ்சு பொரிக்க நினைத்தால்தான். வெறும் முட்டைக்குச் சேவலே வேண்டாம். மீதியை 16 முதல் 20 வாரத்துக்குள் கறிக்கு எடுத்துவிட வேண்டும். “இன்னும் கொஞ்சம் எடை போடட்டும்” என்று தள்ளிப்போட்டால் தீவனம்தான் கரையும், கறி முற்றிப்போகும். இதற்குள் சேவல்கள் சண்டையில் ரத்தம் பார்த்துவிடும், பெட்டைகளின் முதுகில் இறகு இருக்காது. பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அறுக்கக் கை வராது. இது எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல்.

எல்லாக் கோழிக்கும் ஒரே மூட்டைத் தீவனம் போடுவது அடுத்த தவறு. முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். குஞ்சுகள் அதையே தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் கெடும். வெவ்வேறு வயதுக் கோழிகள் ஒன்றாகத் திரிந்தால் எல்லாவற்றுக்கும் வளர்பருவத் தீவனத்தைப் போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் பெட்டை தேவையானதைத் தானே கொத்திக்கொள்ளும்.

மருந்து கொடுத்திருந்தால், அதன் உறையில் போட்டிருக்கும் விலக்கு நாட்கள் முடியும்வரை முட்டையும் வேண்டாம், கறியும் வேண்டாம். அறுத்த கறியை விறைப்பு அடங்கும்வரை ஒரு நாளாவது ஃபிரிட்ஜில் வையுங்கள். “வீட்டுக்கோழி ரப்பர் மாதிரி இருக்கிறது” என்ற புகாரில் பாதி இந்த அவசரத்தால் வருவதுதான்.

முட்டை நின்றதும் கத்தியைத் தேடுபவர்களும் உண்டு. இறகு உதிர்க்கும் காலத்திலும், பகல் குறுகும்போதும், அடைக்கு உட்காரும்போதும் முட்டை நிற்கத்தான் செய்யும். சந்தேகமாக இருந்தால் கோழியைப் பிடித்து, பின்புறத் துளைக்கு இரு பக்கமும் உள்ள இடுப்பெலும்புகளைத் தடவிப் பாருங்கள். இடையில் இரண்டு மூன்று விரல் நுழைந்தால் முட்டையிடுகிறது. ஒரு விரல்கூட நுழையாமல், இறகும் உதிராமல், அடையும் காக்காமல், பகல் குறுகும் காலமாகவும் இல்லாமல் இருந்தால் சரி, அது சூப்புக்கு.