கிளவுட் சான்றிதழ்: பணியைப் பாராமல் படிவரிசையைப் பார்க்கும் தவறு

மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்திலிருந்து களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போய்வரும் இளைஞர்கள் ரயிலில் பேசிக்கொள்வதைக் கேட்டால், கிளவுட் (இணையவழி வாடகைக் கணினிச் சேவை) சான்றிதழ்களைப் பள்ளி வகுப்புகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகத் தேற வேண்டியவை என்றே பலரும் எண்ணியிருப்பது தெரியும். மற்றத் தவறுகள் இதிலிருந்தே கிளைக்கின்றன.

மைக்ரோசாஃப்ட் 2018-இல் பணி சார்ந்த சான்றிதழ்களை அறிமுகப்படுத்தியபோது, ஒருவருக்கு எந்த மென்பொருள் தெரியும் என்பதைவிட அவர் எந்த வேலையைச் செய்கிறார் என்பதே அளவுகோலாயிற்று, எம்.சி.எஸ்.ஏ., எம்.சி.எஸ்.இ. ஆகிய பழைய சான்றிதழ்களின் தேர்வுகள் 2021 ஜனவரி 31-உடன் நின்றன. ஆகவே சர்வரையும் நெட்வொர்க்கையும் பராமரிப்பவர், மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸூருக்குரிய ஏ.இசட்-104 நிர்வாகித் தேர்வை நேராகவே எழுதலாம். ஏ.இசட்-900 அடிப்படைத் தேர்வு அதற்குக் கட்டாயமன்று. ஏற்கெனவே துறையில் இருப்பவர் அந்த அடிப்படைத் தேர்வுக்குப் பணம் கட்டுவது வீண் என்பது என் கருத்து.

ஒரு நிறுவனத்தின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்ப்பது அடுத்த தவறு. ஏ.இசட்-305 தேர்வில் வென்றாலும், ஏ.இசட்-104-க்குரிய சான்றிதழ் கைவசம் இல்லாதவருக்கு அஸூர் கட்டமைப்பு வல்லுநர் பட்டம் கிடைக்காது. அமேசானின் கிளவுட் பிரிவோ தொழில்முறை நிலைத் தேர்வுகளுக்கான இத்தகைய முன்நிபந்தனையை 2018-இலேயே நீக்கிவிட்டது. நீக்கிவிட்டார்களே என்று அனுபவமின்றி அங்கே நுழைபவர், நீண்ட சூழல் விளக்கங்களோடு வரும் கேள்விகளிலேயே திணறிப்போவார்.

காலாவதியைப் பலர் கவனிப்பதில்லை. அமேசான் சான்றிதழ் 3 ஆண்டுகளும் கூகுளின் தொழில்முறைச் சான்றிதழ் 2 ஆண்டுகளும் செல்லும். அஸூரின் பணி சார்ந்தவை ஓராண்டுக்கே. கடைசி 6 மாதங்களுக்குள் இணையத்தில் இலவசமாகப் புதுப்பிக்கலாம் என்றாலும், நாள் தவறினால் மீண்டும் கட்டணம் கட்டித் தேர்வெழுத வேண்டியதுதான்.

கசிந்த வினாத்தாள்களை மனப்பாடம் செய்வது தேர்வு ஒப்பந்த மீறல்; சான்றிதழே பறிபோகலாம். கையால் செய்து பழகுவதே வழி, ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு: அஸூரில் மெய்நிகர் கணினியை அதன் உள்ளிருந்து ஷட்டவுன் செய்தால் மட்டும் வாடகை நிற்காது, போர்ட்டலுக்குச் சென்று அங்கே நிறுத்தினால்தான் கணினிக்கான கட்டணம் ஓயும், அப்போதும் டிஸ்குக்கான தொகை ஏறிக்கொண்டுதான் இருக்கும்.